டிக்கிக்குள் சப்வூஃபர்: வாசகர் கேள்வி, பதில்

காரின் டிக்கியில் சொந்தக் கையால் ஆடியோவும் சப்வூஃபரும் (தாழ்ந்த பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) அமைப்பது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படுபவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

ஹேட்ச்பேக் காரில் 12 அங்குல சப்வூஃபரை ரெடிமேட் பெட்டியோடு வாங்கிப் போட்டேன். எந்தப் பாட்டைப் போட்டாலும் ‘பூம் பூம்’ என்று ஒரே மாதிரி கேட்கிறது. தவிலும் பேஸ் கிதாரும் ஒன்றுபோல இருக்கின்றன. இன்னும் பெரிய ஆம்ப் வாங்க வேண்டுமா? பெட்டியை நானே செய்தால் சரியாகுமா?
– வாசகர், ஈரோடு

ஆம்பை (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரை) மாற்றாதீர்கள். கோளாறு பெட்டியில் இருக்கிறது. சப்வூஃபருக்குத் தேவையானதைவிடப் பெட்டி சிறியதாக இருந்தால் 60, 70 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தம் மேடுகட்டி நிற்கும். அதற்குக் கீழே சட்டென்று சரிந்துவிடும். அந்த மேடுதான் உங்களுக்கு ‘பூம்’ என்று கேட்கிறது. இதோடு மெல்லிய பார்ட்டிகிள் போர்டும், காற்றுக் கசியும் டெர்மினலும் (பெட்டியில் வயர் மாட்டும் முனை) சேர்ந்துகொண்டால் எத்தனை வாட் கொடுத்தாலும் அதே சத்தம்தான் பெரிதாகும்.

மூடிய பெட்டியாகவே செய்யுங்கள். முதல் முறை செய்பவருக்கு அளவில் சிறு பிழை வந்தாலும் பொறுத்துக்கொள்வது அதுதான். 12 அங்குல சப்வூஃபர்களில் பெரும்பாலானவை 28 முதல் 35 லிட்டர் வரை கேட்கும். உங்கள் சப்வூஃபரோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். 35 லிட்டருக்கு ஒரு கணக்கு தருகிறோம்.

பலகை 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்தது). வெளி அளவு 45 செ.மீ. அகலம், 36 உயரம், 33 ஆழம். ஒவ்வொரு பக்கத்திலும் பலகையின் கனத்தைக் கழித்தால் உள்ளே 41.4 × 32.4 × 29.4 செ.மீ.; அதாவது 39.4 லிட்டர். சப்வூஃபரின் காந்தமும் சட்டகமும் சுமார் 3 லிட்டரை அடைத்துக்கொள்ளும். நடுவில் வைக்கும் தாங்குகட்டை 1 லிட்டர். மிச்சம் 35 லிட்டருக்குச் சற்று மேல். வெட்ட வேண்டியவை: முன்னும் பின்னும் 45 × 36 இரண்டு, மேலும் கீழும் 45 × 29.4 இரண்டு, பக்கங்களுக்கு 32.4 × 29.4 இரண்டு. மரக்கடையில் இயந்திரத்திலேயே வெட்டித் தருவார்கள். கையால் அறுத்தால் மூலைமட்டம் நிற்காது. 8 × 4 அடிப் பலகையில் கால் பங்கு போதும் என்று தோன்றும், ஆனால் மயிரிழையில் போதாது. அரைப் பலகையாக வாங்கிவிடுங்கள், மீதியில் தாங்குகட்டையும் ஆம்ப் வைக்கும் தட்டும் வந்துவிடும்.

எம்.டி.எஃப்.பின் விளிம்பில் துளை போடாமல் ஸ்க்ரூவை இறக்கினால் பலகை ஏடு ஏடாகப் பிளக்கும். 3 மி.மீ. துளை போட்டு, மூலையிலிருந்து 5 செ.மீ. தள்ளி, 12 செ.மீ.க்கு ஒன்றாக 2 அங்குல ஸ்க்ரூ இறக்குங்கள். ஆனால் பெட்டியைப் பிடித்து நிறுத்துவது ஸ்க்ரூ அல்ல, பசை. வெள்ளை மரப்பசையை விளிம்பு முழுக்கத் தடவி, இறுக்கும்போது இரண்டு பக்கமும் பசை பிதுங்கி வருகிறதா என்று பாருங்கள். பிதுங்காத இடம் நாளை காற்று கசியும் இடம். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, உள்மூலைகளில் சிலிகான் இழுத்துவிடுங்கள். புளிக்காடி வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம். அது காயும்போது வெளிவிடும் அமிலம் கூம்பின் (சப்வூஃபரில் முன்னும் பின்னும் ஆடும் பகுதி) ஓரத்தையும் அதன் ஒட்டுப்பசையையும் கெடுக்கும். ‘நியூட்ரல்’ என்று போட்டது வாங்குங்கள். அதையும் ஒரு நாள் காயவிட்ட பிறகே சப்வூஃபரை மாட்டலாம்.

உள்ளே பாலியஸ்டர் தலையணைப் பஞ்சு 400 கிராம் அளவுக்கு உதறிப் போடலாம். பெட்டி சற்றுப் பெரிதானதுபோல நடந்துகொள்ளும், மேடும் தணியும். இலவம் பஞ்சு வேண்டவே வேண்டாம். அது தூளாகிக் காயிலின் (சப்வூஃபருக்குள் ஆடும் கம்பிச்சுருள்) இடுக்கில் போய்ச் சேரும்.

சப்வூஃபர் துளையின் விட்டத்தைத் தாளில் பார்த்து வெட்டுங்கள். ‘12 அங்குலம்’ என்ற பெயரை நம்பி 30 செ.மீ. வெட்டியவர்கள் பலகையை வீணாக்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் 28 செ.மீ.தான் வரும். மாட்டும்போது எதிரெதிர் ஸ்க்ரூவாக இறுக்குங்கள்.

கசிவைப் பார்க்க எளிய வழி: தாழ்ந்த சுரம் ஒன்றை மெதுவாக ஓடவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டுகளையும் டெர்மினலையும் ஒட்டிக் கொண்டுபோங்கள். நேராக எழும் புகை எந்த இடத்தில் துடிக்கிறதோ அங்கே காற்று போகிறது.

மழைக்காலத்தில் டிக்கியில் ஈரம் கோக்கும் கார் என்றால் எம்.டி.எஃப்.புக்குப் பதில் ஈரம் தாங்கும் எச்.டி.எச்.எம்.ஆர். பலகை வாங்குங்கள். இல்லையேல் வெட்டிய விளிம்புகளுக்கு நீர்த்த மரப்பசையை இரண்டு பூச்சு கொடுத்த பிறகே கார்ப்பெட் ஒட்டுங்கள், எம்.டி.எஃப். முதலில் உப்புவது விளிம்பில்தான். கடைசியாக, பெட்டியும் சப்வூஃபரும் சேர்ந்து 17, 18 கிலோ வரும். கட்டாமல் விட்டால், மோதலின்போது பின்சீட்டில் இருப்பவர் முதுகில் வந்து விழுவது அதுதான். எல் கிளாம்ப்பால் தரையோடு பிணையுங்கள். துளை போடுமுன் காருக்கு அடியில் படுத்து, அந்த இடத்தில் பெட்ரோல் டேங்கோ பிரேக் குழாயோ வயரோ இல்லை என்று கண்ணால் பாருங்கள்.

500 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் சக்தி) மோனோ ஆம்ப் வைத்திருக்கிறேன். கடையில் கிடைக்கும் மலிவான வயர் கிட் போதுமா? ஃப்யூஸ் ஆம்பிலேயே இருப்பதால் தனியாக வேண்டாம் என்கிறார்களே?
– வாசகர், திண்டுக்கல்

அப்படிச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஆம்பில் உள்ள ஃப்யூஸ் ஆம்புக்கு. பேட்டரிக்குப் பக்கத்தில் வைப்பது வயருக்கு. பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் வயர் ஓடுகிறது. நடுவில் எங்காவது தகரத்தில் உரசி உறை கிழிந்தால், ஆம்பில் உள்ள ஃப்யூஸுக்கு அது தெரியவே தெரியாது. பேட்டரியின் மொத்த மின்னோட்டமும் அந்த இடத்தில் பாயும், வயர் கனன்று கார்ப்பெட் பற்றும். பேட்டரி முனையிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும்.

அளவைப் பார்ப்போம். டி வகுப்பு ஆம்ப், வாங்கும் மின்சாரத்தில் சுமார் 80 சதவீதத்தை ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். 500 வாட்டை 0.8 ஆலும் 13.8 வோல்ட்டாலும் வகுத்தால் 45 ஆம்பியர். ஆகவே 60 ஆம்பியர் ஃப்யூஸ், 4 கேஜ் செம்பு வயர் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன்). 4 கேஜில் 5 மீட்டருக்கு 45 ஆம்பியர் போகும்போது இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் நிற்கும். 8 கேஜில் அரை வோல்ட்டை நெருங்கும்.

மலிவான கிட்டில் வருவது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர். ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதன் கடத்துதிறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. சில கிட்டுகளில் உறைதான் தடிமன், உள்ளே இழை கொஞ்சம்தான். வெட்டுமுகத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். வெல்டிங் கடையில் கிடைக்கும் 25 சதுர மி.மீ. செம்பு கேபிள் இதற்கு அருமையாகப் பொருந்தும்.

இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும்போது கம்பெனி வயர்க்கற்றை நுழையும் ரப்பர் வளையத்தின் வழியாகவே கொண்டுவாருங்கள். வெறும் தகரத் துளையில் வயரை இழுக்காதீர்கள். லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) உரிய கருவியால் நசுக்குங்கள். சுத்தியல் அடி இங்கே உதவாது.

எர்த் வயரும் அதே தடிமனில், 45 செ.மீ.க்குள். டிக்கித் தரையில் கனமான தகரம் உள்ள இடத்தில் உப்புத்தாளால் பெயின்ட்டைப் பளபளவென்று சுரண்டி, போல்ட் போட்டு இறுக்கி, மேலே பெயின்ட் அடித்துவிடுங்கள், துரு ஏறாது. சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்கக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சிறு சென்சார் உள்ள கார்களில் எதையும் நேரே அந்த முனையில் மாட்டாமல் பாடியில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் சார்ஜ் கணக்கு தவறும்.

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘உய்ங்’ என்ற இரைச்சலும் ஏறுகிறது. இன்ஜினை நிறுத்தினால் இல்லை. ஃபில்டர் வாங்கிப் போட்டும் போகவில்லை.
– வாசகர், திருச்சி

ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அது. பத்தில் ஒன்பது முறை எர்த்தில்தான் குற்றம். முதலில் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, இன்ஜினும் பாட்டும் ஓடும்போது ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைப் பிரித்து மறுபடி சுரண்டி மாட்டுங்கள்.

அது சரியாக இருந்தால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆர்.சி.ஏ. வயரை (பாட்டின் சிக்னலைக் கொண்டுவருவது) ஆம்பிலிருந்து கழற்றி, அது இல்லாமலே மறுபடி ஆன் செய்து பாருங்கள். இரைச்சல் நின்றால் அது வயர் வழியாகவோ ஹெட் யூனிட்டிலிருந்தோ (முன்பக்கத்துப் பாட்டுப் பெட்டி) வருகிறது. ஆர்.சி.ஏ.யைக் காரின் ஒரு பக்கமும் பவர் வயரை மறு பக்கமும் ஓட்டுங்கள். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆர்.சி.ஏ.யைப் பிடுங்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதில் ஹெட் யூனிட்டின் உள்ளே மயிரிழை போன்ற எர்த் தடம் எரிந்துபோனால், அதன் பிறகு இரைச்சல் நிரந்தரம். ஃபில்டர் கடைசி மருந்து.

பேஸ் ஏற்றி வைத்தேன், சிறிது நேரத்தில் டிக்கியிலிருந்து கருகல் வாடை. 300 வாட் ஆர்.எம்.எஸ். சப்வூஃபர், 2 ஓம் இணைப்பு, 500 வாட் ஆம்ப். கெயின் எவ்வளவு வைப்பது?
– வாசகர், தூத்துக்குடி

வாடை காயிலின் வார்னிஷ். உடனே நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்கும். கூம்பை இரு கையாலும் மெல்ல அழுத்திப் பாருங்கள், உரசல் கேட்டால் முடிந்தது. கெயினைச் ‘சத்தம் ஏற்றும் திருகு’ என்று நினைப்பதால் வருகிற விபத்து இது. ஹெட் யூனிட் தரும் வோல்ட்டுக்கு ஆம்பைப் பொருத்துவதற்காக மட்டும் இருப்பது அந்தத் திருகு.

சப்வூஃபர் வயரைக் கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட் சுழியம், ஈக்குவலைசர் சமம், லோ பாஸ் (மேலுள்ள ஒலியை வெட்டும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ். ஹெட் யூனிட்டை முக்கால் வால்யூமில் வைத்து, முழு அளவில் பதிந்த 50 ஹெர்ட்ஸ் சுரத்தைப் பென் டிரைவிலிருந்து ஓட்டுங்கள். 50 ஹெர்ட்ஸ் ஏன் என்றால், சாதாரண மல்டிமீட்டர் நம் வீட்டு மின்சாரத்தின் அதே அலைவரிசையை அளக்கவே செய்யப்பட்டது. ஏ.சி. வோல்ட்டில் ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளை அளந்தபடி கெயினை ஏற்றுங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும்: 300 × 2 = 600, அதன் வர்க்கமூலம் 24.5. அந்த எண் வந்ததும் திருகை விட்டுவிடுங்கள். பிறகு பேஸ் பூஸ்ட்டைத் தொடக் கூடாது. 6 டெசிபல் ஏற்றினால் ஆம்பிடம் நாலு மடங்கு வாட் கேட்கிறீர்கள் என்று பொருள்.

இரட்டைக் காயில் சப்வூஃபர், ஒவ்வொன்றும் 4 ஓம். ஆம்ப் 2 ஓம் வரை தாங்கும். எப்படி இணைப்பது?
– வாசகர், வேலூர்

இரண்டு பாசிட்டிவும் சேர்ந்து, இரண்டு நெகட்டிவும் சேர்ந்து: 2 ஓம். அதுவே சரி. தொடராக இணைத்தால் 8 ஓம், ஆம்பின் பலத்தில் பெரும்பகுதி வீண். இதே மாதிரி இன்னொரு சப்வூஃபர் சேர்க்கும் எண்ணம் இருந்தால் நான்கு காயிலையும் பக்க இணைப்பில் போட்டுவிடாதீர்கள். 1 ஓம் ஆகி ஆம்ப் தற்காப்பில் அணையும், இல்லையேல் எரியும்.

பி.வி.சி. குழாய் வைத்து போர்ட் பெட்டி செய்ய ஆசை. குழாய் எவ்வளவு நீளம்?
– வாசகர், மதுரை

சப்வூஃபர், குழாய், கட்டை எல்லாம் கழித்து 50 லிட்டர் நிற்கும் பெட்டி, 34 ஹெர்ட்ஸுக்கு அமைப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 110 மி.மீ. உள்ள 4 அங்குலக் குழாயின் உள்விட்டம் சுமார் 10.4 செ.மீ. வரும். அதற்கு நீளம் 36 செ.மீ. குழாயே 3.4 லிட்டரை அடைக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். உள்முனைக்கும் எதிர்ப் பலகைக்கும் நடுவே குறைந்தது ஒரு குழாய்விட்டம் இடைவெளி விடுங்கள்.

34 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்று இராது. கட்டறுந்ததுபோல ஆடிக் காயில் இடித்துக்கொள்ளும். அதனால் ஆம்பில் சப்சானிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டுவது) இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். 28 ஹெர்ட்ஸில் வையுங்கள். அந்த ஃபில்டர் இல்லையென்றால் மூடிய பெட்டிதான்.

சி.என்.ஜி. கார். சிலிண்டர் போக மீதி இடத்தில் பெட்டி வைக்கலாமா?
– வாசகர், கோவை

வேண்டாம். சிலிண்டர் வால்வுக்குக் கை எட்டாமல் எதையும் வைக்கக் கூடாது. சிலிண்டர் தாங்கியில் ஸ்க்ரூ போடுவதோ அதன் போல்ட்டில் எர்த் எடுப்பதோ கூடவே கூடாது. தரைக்கடியில் இரட்டைச் சிலிண்டர் வரும் கார்களில் டிக்கி காலியாகத் தெரிந்தாலும் தரையில் துளை போட முடியாது. முன்சீட்டுக்கு அடியில் வைக்கும், ஆம்ப் சேர்ந்த 8 அங்குல சப்வூஃபரே உங்களுக்கு ஏற்றது. டிக்கியை அதிரவைக்காது, ஆனால் டோலக்கின் அடியும் பேஸ் கிதாரும் தெளிவாகக் கேட்கும்.

எல்லாம் சரி, டிக்கிக் கதவும் நம்பர் பிளேட்டும் ‘கடகட’ என்கின்றன.
– வாசகர், நாகர்கோவில்

நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் நாலு மூலையிலும் நடுவிலும் ஃபோம் டேப் ஒட்டி மறுபடி மாட்டுங்கள். கதவின் உள்தட்டைக் கழற்றி, வெளித்தகரத்தில் ப்யூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி ரோலரால் அழுத்துங்கள். முழுக்க ஒட்டத் தேவையில்லை. விரலால் தட்டிப் பார்த்து ‘டங்’ என்று ஒலிக்கும் இடங்களில் கால்வாசிப் பரப்பை மூடினாலே ‘டப்’ என்று அடங்கும். பூட்டுக் கம்பியும் வயர்க் கற்றையும் தகரத்தில் தட்டுகிற இடங்களுக்குத் துணி டேப் சுற்றுங்கள். தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் ஷீட்டால் அடைத்துவிடாதீர்கள், கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.