கரடிக் காட்டில் இரண்டாவது துப்பாக்கி

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்காவிலும் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பெரும்பாலானவை ஒரே பொருளை, அதாவது கரடியிடமிருந்து தப்ப ரைபிளோடு கூடவே எடுத்துப்போகும் கைத்துப்பாக்கியை, சுற்றி வந்ததால் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

மொன்டானாவில் எனக்கு இது முதல் எல்க் வேட்டை. கையில் நல்ல ரைபிள் இருக்கும்போது கைத்துப்பாக்கி எதற்கு?
– வாசகர், சியாட்டில்

ரைபிள் கையில் இருக்கும்வரை தேவையே இல்லை. அது கையில் இல்லாத நேரங்களை எண்ணிப் பாருங்கள். மானைச் சாய்த்த பிறகு மண்டியிட்டு, முழங்கைவரை இரத்தத்தோடு குடலை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். ரைபிள் நாலடி தள்ளி ஒரு மரத்தில் சாய்ந்திருக்கும். ஒரு எல்க்கின் இறைச்சியை முதுகில் சுமந்து இறக்க ஒரே ஆளுக்கு நாலைந்து நடை ஆகும். அப்போது ரைபிள் பையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும், அல்லது கூடாரத்திலேயே கிடக்கும். வில் வேட்டைக்காரரிடம் ரைபிளே கிடையாது.

கிரிஸ்லி கரடி (வட அமெரிக்காவின் பழுப்புக் கரடி வகை) மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடியது. 40 மீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு மூன்று விநாடிகூட ஆகாது. அந்த மூன்று விநாடிக்காகத்தான் கைத்துப்பாக்கி. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது எடையும், உடம்பில் அது இருக்கும் இடமும். தோட்டாவின் அளவைப் பிறகு பார்க்கலாம். கடைக்காரர்கள் பேச்சைத் தொடங்குவது பெரும்பாலும் தோட்டாவிலிருந்துதான்.

.44 மேக்னம் ரிவால்வரா, 10 மி.மீ. பிஸ்டலா? நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள்.
– வாசகர், போய்ஸி, ஐடஹோ

அந்தச் சண்டை 1983-இல் 10 மி.மீ. தோட்டா வந்ததிலிருந்தே நடக்கிறது. .44 மேக்னம் 1955-லிருந்து இருக்கிறது. அலாஸ்காவில் நெடுங்காலம் அதுதான் வழக்கம்.

ஆற்றலில் .44-க்கே முதலிடம். 240 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு குழலைவிட்டு வெளியேறும்போது சுமார் 1,300 ஜூல், 10 மி.மீ.யின் 200 கிரெய்ன் குண்டு சுமார் 870 ஜூல். ஆனால் .30-06 ரைபிள் கொடுப்பது ஏறக்குறைய 3,900 ஜூல். அதன் முன்னால் இரண்டுமே சுண்டைக்காய்தான். எந்தக் கைத்துப்பாக்கியும் அடித்த வேகத்தில் கரடியைப் புரட்டிப் போடாது. குண்டு மூளையையோ முதுகுத்தண்டையோ எட்டினால் மட்டுமே கரடி அங்கேயே விழும். அதற்குக் குறியும் ஊடுருவலும் வேண்டும். முதல் குண்டு தவறினால் அடுத்ததும் உடனே போக வேண்டும்.

இந்தக் கணக்கில் 10 மி.மீ. முன்னேறுகிறது. நாலங்குலக் குழல் உள்ள ஸ்மித் அண்ட் வெஸன் 629 ரிவால்வர் வெறுமையாகவே கிட்டத்தட்ட 1.2 கிலோ, கொள்வது ஆறு தோட்டா. கிளாக் 20 பிஸ்டல் 15 தோட்டாக்கள் நிரம்பிய மேகசினோடு 1.1 கிலோ சொச்சம். உதையும் குறைவு என்பதால் இரண்டாம் குண்டு சீக்கிரம் போகும். வடகிழக்கு கிரீன்லாந்தில் ரோந்து சுற்றும் டென்மார்க்கின் சிரியஸ் நாய்வண்டிப் படை, துருவக் கரடிக்கு 9 மி.மீ. போதவில்லை என்று கிளாக் 20-க்கு மாறியது. அவர்களுக்கும் முதன்மை ஆயுதம் ரைபிள்தான்.

ரிவால்வருக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. கரடி மேலே விழுந்து, குழல்முனை அதன் உடம்பில் அழுந்தினால் பிஸ்டலின் ஸ்லைடு (குழலை மூடி முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம்) பின்னுக்குத் தள்ளப்பட்டு வெடிக்காமல் போகலாம். பிடி தளர்ந்தாலும் பிஸ்டல் சிக்கும். ரிவால்வருக்கு இந்த இரண்டு நோயும் இல்லை.

எடை குறைவு என்று ஸ்மித் அண்ட் வெஸன் 329பிடி போன்ற 710 கிராம் .44-ஐ வாங்கத் தோன்றும். நாள் முழுக்கச் சுமக்கச் சுகம், சுடுவது தண்டனை. பத்துத் தோட்டாவுக்குமேல் அதில் பயிற்சி செய்கிறவர்கள் அபூர்வம்; பயிற்சி இல்லாத துப்பாக்கியால் பயனில்லை. அதில் இன்னொரு கோளாறும் உண்டு. உதையின் வேகத்தில், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு கூட்டைவிட்டு முன்னுக்கு நகரும். நகர்ந்த குண்டு சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீட்டினால் சிலிண்டர் சுழலாது. சோதிப்பது எளிது: ஆறு போட்டு ஐந்தைச் சுடுங்கள், ஆறாவதன் நீளத்தை முன்னும் பின்னும் வெர்னியரால் அளங்கள். நீளம் கூடியிருந்தால் அந்தத் தோட்டாவை விட்டுவிட்டு வேறு வகை தேடுங்கள்.

எங்கள் தீர்ப்பு: ஏற்கெனவே ரிவால்வர் கை பழகியவர் அதையே வைத்துக்கொள்ளட்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு 10 மி.மீ.தான் சரி. இவற்றைவிடப் பலமான .454, .500 வகையறாவை நினைக்கவே வேண்டாம்.

பிஸ்டலுக்கு எந்தத் தோட்டா? வீட்டில் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் ஹாலோ பாயிண்ட் ஆகாதா?
– வாசகர், ஸ்போகேன்

ஆகாது. மூக்கில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் குண்டு உடம்பில் பட்டதும் விரிந்து சீக்கிரம் நின்றுவிடும். மனிதனுக்கு எதிராக அதுவே அதன் குணம். கரடியின் கொழுப்பையும் தசையையும் எலும்பையும் தாண்ட அது உதவாது. விரியாத, தட்டை மூக்குள்ள கெட்டி ஈயக்கலவைக் குண்டு வேண்டும்: 10 மி.மீ.யில் 200 முதல் 220 கிரெய்ன், .44-இல் 240 முதல் 300 கிரெய்ன்.

ஒரு சிக்கல் உண்டு. மூன்று, நான்காம் தலைமுறை கிளாக்கின் பலகோணக் குழலில் உறையில்லாத ஈயம் படிந்துகொண்டே வந்து அழுத்தத்தை ஏற்றும். ஈயக் குண்டு வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். பாலிமர் பூசிய குண்டோ முழுத் தாமிரக் குண்டோ வாங்குங்கள். இல்லையென்றால் வழக்கமான வரிப்பள்ளம் உள்ள மாற்றுக் குழல் போட்டுக்கொள்ளலாம்.

தட்டை மூக்கு சில பிஸ்டல்களில் தோட்டா அறையின் வாயில் முட்டிக்கொள்ளும். காட்டுக்குக் கொண்டுபோகப் போகும் அதே தோட்டாவில் குறைந்தது ஐம்பதைச் சுட்டுப் பாருங்கள். அதில் ஒரு மேகசினாவது ஒற்றைக் கையால். விலை அதிகம்தான், சோதிக்காமல் எடுத்துப் போவது அதைவிட நஷ்டம்.

இடுப்பில் கட்டினால் பையின் பட்டை மறைக்கிறது. எங்கே வைப்பது?
– வாசகர், பில்லிங்ஸ்

நெஞ்சில். வலக்கைக்காரருக்கு நெஞ்சின் குறுக்கே, பிடி வலப்பக்கம் பார்த்திருக்கும் ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை. உட்கார்ந்தாலும் குனிந்து குடல் எடுத்தாலும் மல்லாந்து விழுந்தாலும் கை எட்டும் இடம் அது. முதலில் ஹோல்ஸ்டர், அதன்மேல் முதுகுப்பையின் தோள்பட்டைகள் என்ற வரிசையில் மாட்டுங்கள். மாறிப்போனால் பையைக் கழற்றும்போது துப்பாக்கியும் கூடவே போய்விடும். பைனாகுலர் பையை ஒரு சாண் மேலே ஏற்றி, துப்பாக்கியை அதன் கீழே வையுங்கள். மழைக்கோட்டின் ஜிப்புக்குள் மூடி வைத்தால் அது பைக்குள் இருப்பதற்குச் சமம்.

தோல் உறை மழையில் ஊறி இறுகும். கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறை அப்படி ஆகாது, ஆனால் சத்தம் போடும். எதுவானாலும் டிரிகரை முழுதாக மூட வேண்டும். கிளாக்கில் தனிப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. தோட்டாவை எடுத்துவிட்டு, மெத்தைமேல் தலைகீழாகக் குனிந்து குலுக்கிப் பாருங்கள். விழுந்தால் உறையை மாற்றுங்கள். உருவும்போது குழல்முனை இடக்கையைக் கடந்து போகும் என்பதால் இடக்கையை நெஞ்சோடு ஒட்டி வைக்கப் பழகுங்கள்.

கரடி ஸ்ப்ரே இருந்தால் துப்பாக்கி வேண்டாம் என்கிறார்களே?
– வாசகர், ஆங்கரேஜ்

மிளகாய்க் காரம் அடைத்த அந்த ஸ்ப்ரேயைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ குழுவினர் அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை ஸ்ப்ரே பயன்பட்ட 83 சம்பவங்களை ஆராய்ந்தார்கள். பழுப்புக் கரடிகளிடம் 92 சதவீதம் வேலை செய்திருந்தது. அதே குழு 2012-இல் துப்பாக்கிச் சம்பவங்கள் 269-ஐ ஆராய்ந்தபோது கைத்துப்பாக்கிக்கு 84 சதவீதமும் நீள்துப்பாக்கிக்கு 76 சதவீதமும் வெற்றி கிடைத்தது. இரண்டு ஆய்விலும் சூழ்நிலைகள் ஒன்றல்ல என்பதால் எண்களை நேருக்கு நேர் நிறுத்த முடியாது. ஆனாலும் பதற்றத்தில் குறி பார்ப்பதைவிடப் புகைமேகம் பரப்புவது எளிது என்பது புரியும்.

எதிர்க்காற்றில் ஸ்ப்ரே உங்கள் முகத்துக்கே திரும்பும். கடுங்குளிரில் அழுத்தம் குறையும். கூடாரத்துக்குள் அடித்தால் நீங்கள்தான் முதலில் அழுவீர்கள். ஆகவே இரண்டும்: துப்பாக்கி நெஞ்சில், ஸ்ப்ரே இடுப்பில் இடப்பக்கம். குறைந்தது 225 கிராம் கொள்ளும் டப்பா. காலாவதித் தேதியைப் பாருங்கள். விமானத்தில் எந்தப் பெட்டியிலும் ஏற்ற விடமாட்டார்கள், போய் இறங்கியே வாங்க வேண்டும்.

எச்-1பி விசாவில் இருப்பவர் கைத்துப்பாக்கி வாங்கலாமா?
– வாசகர், டென்வர்

பொதுவாக, குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். ஒரு மாநிலம் தந்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. பலர் விழும் குழி இங்கேதான்: பல உரிமங்கள் ஓராண்டுக்கு மட்டுமே. உரிமம் காலாவதியான மறுநாள் அலமாரியில் இருக்கும் துப்பாக்கியே வழக்காகும். 15 ஆண்டுவரை சிறை உண்டு, விசாவும் போகும். சில மாநிலங்கள் தனி உரிமமும் கேட்கும். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் வாங்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது வேண்டும். அதுவும் வசிக்கும் மாநிலத்துக் கடையில்.

கொலராடோவில் மட்டும் வேட்டையாடினால்? 9 மி.மீ. ஏற்கெனவே இருக்கிறது.
– வாசகர், ஃபோர்ட் காலின்ஸ்

போதும். அங்கே கடைசியாக கிரிஸ்லி கொல்லப்பட்டது 1979-இல். மிச்சம் கருங்கரடியும் மலைச்சிங்கமும்தான். தோட்டாவை மட்டும் மாற்றுங்கள்.

காரில் கனடா வழியாக அலாஸ்கா போகிறேன். துப்பாக்கியைக் கூட எடுத்துப் போகலாமா?
– வாசகர், போர்ட்லண்ட்

கைத்துப்பாக்கியோடு கனடா எல்லையை நெருங்காதீர்கள். காரில் போவதானால் அதை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். விமானத்தில் போனால் எடுத்துப் போகலாம்: தோட்டா இல்லாமல், பூட்டிய கடினப் பெட்டியில், சரக்குப் பெட்டியாக, கவுன்ட்டரில் அறிவித்துவிட்டு.

எவ்வளவு பயிற்சி போதும்?
– வாசகர், ஃபீனிக்ஸ்

15 செ.மீ. காகிதத் தட்டை ஏழு மீட்டரில் மாட்டுங்கள். ஹோல்ஸ்டரிலிருந்து உருவி, இரண்டு விநாடிக்குள் முதல் குண்டு தட்டில் பட வேண்டும். பத்துக்கு ஒன்பது முறை. பிறகு அதையே கையுறையோடு, பையோடு, மண்டியிட்டு, ஒற்றைக் கையால். பழைய டயரின் நடுவில் அட்டையைச் செருகிச் சரிவில் உருட்டிவிட்டுச் சுடுவது நல்ல பயிற்சி. முதல் நாள் எல்லோரும் தவறவிடுவார்கள். காதுமூடி இல்லாமல் .44-ஐ ஒருமுறைகூடச் சுடாதீர்கள்.

கரடியைச் சுட்டுவிட்டால் அடுத்து என்ன?
– வாசகர், மிசூலா

முதலில் அங்கிருந்து விலகுங்கள். குட்டியோ தாயோ பக்கத்தில் இருக்கலாம். அலாஸ்காவுக்கு வெளியே கிரிஸ்லி 1975 முதல் பாதுகாக்கப்பட்ட இனம். தற்காப்புக்காகக் கொன்றாலும் ஐந்து நாளுக்குள் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். விசாரணை வரும், இடத்தைக் கலைக்காதீர்கள், தோட்டாக் கூடுகளைப் பொறுக்காதீர்கள். அலாஸ்காவில் சட்டம் வேறு. நகங்களோடு தோலையும் மண்டையோட்டையும் எடுத்து அரசிடம் ஒப்படைத்து, 15 நாளுக்குள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். தோலை உரிப்பதும் சுமப்பதும் உங்கள் வேலை. வைத்துக்கொள்ள உரிமை மட்டும் கிடையாது.