பழைய தோட்டத்து வீட்டுக்குக் குறைந்த செலவில் எப்படிப் பாதுகாப்பு செய்வது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள், கேமரா வாங்க வசதியில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கேமரா பிறகு பார்க்கலாம். முதலில் பின்கதவைப் பாருங்கள்.

பூட்டு எவ்வளவு பெரிதானாலும் கொண்டியைப் பிடித்திருப்பது பெரும்பாலும் குட்டித் திருகாணிகள்தான். பூட்டைத் தொடாமலே கடப்பாரையால் நெம்பிவிடலாம். திருகாணிகளை எடுத்துவிட்டு, கதவை முழுக்கத் துளைத்து போல்ட் போடுங்கள்: வெளியே வழுவழுப்பான உருண்டைத் தலை, உள்ளே வாஷரும் நட்டும். ஹார்ட்வேர் கடையில் சில ரிங்கிட்தான். அதற்கு முன் கதவு நிலையைத் திருப்புளிப் பிடியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்டால் கறையான் அரித்திருக்கும். அந்த மரத்தை மாற்றாமல் எதைப் போட்டாலும் வீண்.

கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா? அப்படியானால் கீலின் ஊசியை வெளியிலிருந்தே தட்டிக் கழற்றலாம். கீலின் இரண்டு தகடுகளிலும் நேரெதிரே உள்ள ஒவ்வொரு திருகாணியை எடுங்கள். ஒரு பக்கத் துளையில் தலை வெட்டிய கனமான ஆணியை அரை அங்குலம் நீட்டி அடியுங்கள். எதிர்த் துளையைச் சற்று ஆழமாக்குங்கள். சாத்தினால் ஆணி அதற்குள் இறங்கும். ஊசியை உருவினாலும் கதவு பெயராது.

நாக்கோ ஜன்னலின் (கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய ஜன்னல்) கண்ணாடிகளை எபோக்சி பசையால் பிடிப்பில் ஒட்டிவிடுங்கள், உருவ முடியாது.

அப்புறம், கம்பிக் கதவுக்கு இரவில் பூட்டுப் போட்டால் சாவி உள்ளே, வெளியிலிருந்து கை எட்டாத ஓர் ஆணியில் எப்போதும் தொங்க வேண்டும். தீப்பிடித்தால் அப்பா அம்மா இருட்டில் தடவியே எடுக்கணும். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். அவசரத்துக்கு 999 என்பதையும் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.