ஆறு வயது மகனுக்கு முழங்கை முறிந்து நாளை ஆபரேஷன். பயந்து அழுகிறான். மருத்துவமனையில் அவனை எப்படிச் சமாளிப்பது?

என் மகளுக்கும் ஊஞ்சலிலிருந்து விழுந்து இதே இடத்தில்தான் முறிந்தது, முழங்கைக்குச் சற்று மேலே. இந்த வயதுப் பிள்ளைகள் கையை ஊன்றி விழுந்தால் அடிக்கடி உடைகிற இடம் இது. எலும்பை நேராக்கி, மெல்லிய கம்பி செருகி, மாவுக்கட்டு போடுவார்கள். அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். பயத்தைத்தான் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். முதல் ஊசியிலேயே சாயம் வெளுத்துவிடும், அப்புறம் நீங்கள் சொல்கிற எதையும் அவன் நம்ப மாட்டான். "சுருக்குன்னு குத்தும், என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கோ" என்றால் போதும். ஆபரேஷனைப் பற்றி இன்று மாலையே சொல்லிவிடுங்கள். பாதியில் முழிப்பு வந்துவிடுமோ என்ற பயம் பல பிள்ளைகளுக்கு இருக்கும், வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். இது ராத்திரித் தூக்கம் மாதிரி இல்லை, முடியும்வரை டாக்டர் பக்கத்திலேயே இருந்து தூங்க வைப்பார் என்று சொல்லுங்கள்.

ஊசி போடலாமா என்று கேட்காதீர்கள், பதில் தெரிந்ததுதானே! "பாத்துக்கிட்டே இருக்கியா, அந்தப் பக்கம் திரும்பிக்கிறியா?" என்று கேளுங்கள். ஏதோ ஒன்றை அவனே முடிவு செய்தால் பாதி அழுகை அடங்கும். வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் சின்னக் குழாய்) போட்ட கை மடங்காமலிருக்க, நர்ஸ் ஒரு கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து வைத்துக் கட்டினார். என் மகள் அந்த அட்டையில் கண்ணும் மீசையும் வரையச் சொன்னாள். அதன்பின் மருந்து ஏற்ற யார் வந்தாலும் மீசைக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நர்ஸுகளும் சளைக்காமல் கேட்டார்கள்.

காலையில் வெறும் வயிறு. பொதுவாகத் திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். உங்களுக்கு மயக்க மருந்து டாக்டர் சொல்வதுதான் கணக்கு. மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. பாட்டியின் "ஒரே ஒரு பிஸ்கட்" கூடாது. அவன் கண்ணெதிரே யாரும் இட்லிப் பொட்டலம் பிரிக்கவும் கூடாது.

மயக்கம் தெளியும்போது சில பிள்ளைகள் நம்மையே அடையாளம் தெரியாமல் கத்துவார்கள், உதைப்பார்கள். பதறாதீர்கள், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக அடங்கிவிடும்.

அன்று இரவு நீங்கள் கவனிக்க வேண்டியது விரல்களை. கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். விரல் வெளுத்தாலோ, மரத்துப்போனாலோ, மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரலை நீட்டினாலே அலறினாலோ உடனே நர்ஸை எழுப்புங்கள். கட்டுக்குள் வீக்கம் இறுகி ரத்த ஓட்டம் தடைபடுவதாக இருக்கலாம். தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்கவே வேண்டாம்.

பார்க்க வருகிறவர்கள் தனித் தலைவலி. "கை கோணிக்குமோ?", "ஆம்பளப் புள்ள அழலாமா?", "அழுதா டாக்டர் ஊசி போட்ருவார்" எல்லாம் கட்டில் பக்கத்திலேயே நடக்கும். நான் எங்கள் சித்தப்பாவையே காபி குடிக்கலாம் வாங்க என்று வெளியே கூட்டிப்போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்று யாராவது கிளம்புவார்கள். விடாதீர்கள். முழங்கையைத் தேய்த்து இழுத்து நீட்டினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து கை இன்னும் இறுகிப்போகலாம். கட்டு பிரித்தபின் விளையாட்டில் அவனே மடக்கி நீட்டிக்கொள்வான். கம்பியை வழக்கமாக 3, 4 வாரத்தில் எடுப்பார்கள், பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமல் ஓ.பி.யிலேயே. அதையும் அவனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.