துணைக்கு ஒருத்தி இருந்தால் அது விடுதியா?

கேள்வி: விபச்சாரத்துக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டால் பாலியல் குற்றங்கள் குறையும் என்கிறான் என் தம்பி. கடுமையாகத் தண்டித்தால்தான் ஒழியும் என்கிறேன் நான். நீங்கள் வழக்கறிஞர். யார் சொல்வது சரி?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை, அம்மா. வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தில் இந்தத் தொழில் செய்வது நம் நாட்டில் இப்போதும் குற்றமில்லை. 1956-ம் ஆண்டுச் சட்டம் தண்டிப்பது அதைச் சுற்றி இருப்பவற்றை. விபச்சார விடுதி நடத்துவது, ஆள் பிடித்துக் கொடுப்பது, பொது இடத்தில் அழைப்பது, அந்த வருமானத்தில் வாழ்வது. படிக்கும்போது நியாயமாகத்தான் தெரியும்.

நான் ஜூனியராக இருந்தபோது சீனியர் கையில் கொடுத்த மூன்றாவது கட்டு இப்படி ஒரு வழக்கு. இரண்டு பெண்கள். மூத்தவர் ஒருமுறை தனியாகப் போய் அடிபட்டு, காது கிழிந்து, தோட்டைப் பறிகொடுத்து வந்தவர். இனி ஒருத்திக்கு ஒருத்தி துணை என்று சேர்ந்து வாடகைக்கு வீடு பிடித்தார்கள். அந்தத் துணைதான் வழக்கானது. இரண்டு பெண்கள் தங்கள் பொதுவான ஆதாயத்துக்காகத் தொழிலுக்குப் பயன்படுத்தும் இடத்தையும் சட்டம் விடுதி என்றே சொல்கிறது. போலீஸ் எழுதிய மகஜரில், அதாவது கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில், ஒரு பாய், 340 ரூபாய், நாலு ஆணுறைப் பாக்கெட். எய்ட்ஸ் வராமல் இருக்க அரசு ஊழியர்களே கொடுத்துவிட்டுப் போன ஆணுறை அது!

மூத்தவருக்கு 19 வயதில் பையன். “அவனுக்கு பாலிடெக்னிக் ஃபீஸ் நான்தான் கட்டுறேன் வக்கீலம்மா. அவனையும் சேர்ப்பாங்களா?” என்று கேட்டார். 18 வயது தாண்டியவர் தெரிந்தே அந்த வருமானத்தில் வாழ்ந்தால் 2 ஆண்டு வரை சிறை என்கிறது 4-வது பிரிவு. எனக்கு வாய் வரவில்லை.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில், இப்படிப்பட்ட பெண்களை ரெய்டில் கைது செய்யக் கூடாது, படத்தை வெளியிடக் கூடாது, ஆணுறையை ஆதாரமாகக் காட்டக் கூடாது என்று சொன்னது. முகவரிச் சான்று இல்லாமலேயே ஆதார் கிடைக்கவும் வழி செய்தது. பெரிய விஷயம். ஆனால் சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவுகள் அப்படியே இருக்கின்றன.

சரி, தம்பியின் லைசென்ஸ்? ஜெர்மனியில் 2017 முதல் பெயரைப் பதிவு செய்வது கட்டாயம். நம் ஊரில் எந்தப் பெண் அந்தப் பதிவேட்டில் பெயர் எழுத வருவாள்? எழுதாதவள் மறுபடி மாமூலுக்குத்தான் பயப்பட வேண்டும். நியூசிலாந்து 2003-ல் கொண்டுவந்த சட்டம் எனக்குப் பிடிக்கும். அங்கே நாலு பெண்கள் வரை, யாரும் முதலாளி இல்லாமல், சேர்ந்து தொழில் செய்ய லைசென்ஸ் தேவையில்லை. எந்த நேரத்திலும் மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் சட்டத்திலேயே இருக்கிறது.

குற்றம் குறையும் என்ற கணக்கை மட்டும் தம்பி விட்டுவிடட்டும். ஒரு பெண்ணைக் காப்பாற்ற இன்னொரு பெண்ணை முன்னால் தள்ளுவதை நான் ஏற்கவே மாட்டேன். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அதைச் சிறுமிகளை விற்பவன்மீதும் ஏமாற்றி அழைத்து வருபவன்மீதும் காட்டுங்கள். அங்கே எந்தத் தண்டனையும் எனக்கு அதிகமாகத் தெரியாது.

அந்த வழக்கு 2 வருடம் வாய்தாவிலேயே ஓடி, சாட்சிகள் வராமல் விடுதலையில் முடிந்தது. அதற்குள் வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டார். அப்புறம் அவர்கள் தனித்தனியாகத்தான் போனார்கள்.