வியூவை மாற்றப் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு வியூவை (டேபிள் போலவே பயன்படும், சேமித்து வைத்த வினவல்) மாற்ற 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ் வியூ' கொடுத்தால், நெடுவரிசையின் பெயரை மாற்ற முடியாது என்று பிழை வருகிறது சார். நான் பெயரைத் தொடவே இல்லை. நடுவில் மொபைல் எண்ணை மட்டும்தான் சேர்த்தேன்.

பதில்: அந்த 'நடுவில்'தான் வினையே. போஸ்ட்கிரெஸ் பழைய வியூவையும் புதியதையும் இடம் பார்த்துதான் ஒப்பிடும். முன்பு எண், பெயர், ஊர் என்று இருந்திருக்கும். இப்போது எண், பெயர், மொபைல், ஊர். மூன்றாம் இடத்தில் இருந்த ஊரை நீங்கள் மொபைல் என்று பெயர் மாற்றுவதாக அது எடுத்துக்கொள்கிறது. மொபைலைக் கடைசிக்குத் தள்ளுங்கள், பேசாமல் ஏற்றுக்கொள்ளும். இருக்கும் நெடுவரிசையை நீக்கவோ, அதன் டைப்பை மாற்றவோ மட்டும் இந்தக் கட்டளையில் வழியில்லை.

கேள்வி: எனக்கு ஒரு நெடுவரிசையை நீக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வியூவின் மேல் இன்னும் இரண்டு வியூ நிற்கிறதே?

பதில்: அப்படியானால் வியூவையே நீக்கிவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும். வெறும் 'டிராப்' மறுத்துவிடும். 'கேஸ்கேட்' சேர்த்தால் அந்த இரண்டையும் சேர்த்தே வாரிக்கொண்டு போகும். முதலில் அவற்றின் வரையறையை எடுத்து வையுங்கள். அப்புறம் 'பிகின்' போட்டு, டிராப், கிரியேட், கிராண்ட் (பார்க்கும் உரிமை கொடுப்பது) எல்லாவற்றையும் முடித்துக் 'கமிட்' செய்யுங்கள். நடுவில் பிழை வந்தால் பழையபடியே இருக்கும். கிராண்ட்டை மறந்துவிடாதீர்கள். ஒருமுறை மறந்தேன், மறுநாள் காலை ரிப்போர்ட் திறக்கவில்லை என்று வரிசையாகப் போன்.

கேள்வி: ஆரக்கிளில் இந்தக் கெடுபிடி எதுவும் இல்லையே?

பதில்: இல்லைதான். 'ரீப்ளேஸ்' எதையும் மாற்றும், கொடுத்த உரிமைகளும் தங்கும். ஆனால் அந்த வியூவை நம்பியிருப்பவை 'இன்வேலிட்' (செல்லாதவை) ஆகலாம். அடுத்து யாராவது கூப்பிடும்போது தானே கம்பைல் ஆகப் பார்க்கும்; நீங்கள் தூக்கிய நெடுவரிசையை அது தேடினால் அப்போதுதான் வெடிக்கும். போஸ்ட்கிரெஸ் முன்னாலேயே திட்டிவிடுகிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். இன்னொன்று: வியூ மேல் 'இன்ஸ்டெட் ஆஃப்' ட்ரிகர் (வியூவில் எழுத வந்தால் அதற்குப் பதிலாகத் தானே ஓடும் நிரல்) இருந்தால் ரீப்ளேஸில் அது போய்விடும். திரும்ப எழுத வேண்டும்.

கேள்வி: எஸ்கியூலைட்டில்?

பதில்: ஆல்டர் வியூவும் கிடையாது, ரீப்ளேஸும் கிடையாது. டிராப், கிரியேட்.

கேள்வி: எஸ்கியூஎல் சர்வரில் டேபிளுக்குப் புது நெடுவரிசை சேர்த்தேன். 'செலக்ட் ஸ்டார்' (எல்லா நெடுவரிசையும்) என்று எழுதிய வியூவில் அது வரவே இல்லை.

பதில்: ஸ்டார் என்றால் வியூ உருவான அன்று இருந்தவைதான். 'எஸ்பி_ரெஃப்ரெஷ்வியூ' ஓட்டுங்கள், வந்துவிடும். அப்படியே ஸ்டாரை எடுத்துவிட்டுப் பெயர்களை எழுதிவிடுங்கள். இண்டெக்ஸ் போட்ட வேறு வியூ இருந்தால், அதற்கு 'ஆல்டர் வியூ' கொடுத்ததும் இண்டெக்ஸ் எல்லாம் காலி; மறுபடி போடுங்கள்.