நிலத்தை அடமானம் வைக்காதீர்கள், ஈசிஇ போதும்

மகளுக்கு கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரி ஈசிஇ (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) கிடைத்தும், "அதெல்லாம் பழைய படிப்பு, மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) போடுங்க" என்று மைத்துனர் சொல்வதால் நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதற்றம் புரிகிறது. ஆனால் வைக்காதீர்கள். ஏஐ-க்கு வேண்டிய பைத்தான் நிரல்மொழியை எந்தப் பிரிவில் இருந்தும் கற்கலாம்; வட்டியைக் கட்டப்போவது நீங்கள், மைத்துனர் அல்ல.

மகள் பழைய ஸ்கூட்டர் மீட்டரைக் கழற்றிப் பார்ப்பவள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கைக்கு, வண்டிகளின் கணினிகளை ஊடுருவல்காரர்களிடமிருந்து காக்கும் வாகன சைபர் பாதுகாப்புத் துறை பொருந்தும். 2015-ல் அமெரிக்காவில் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிய ஜீப் செரோக்கி காரை வீட்டிலிருந்தே முடக்கிக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பிரேக்கும் மீட்டரும் பேசிக்கொள்ளும் கேன் பஸ் (CAN bus) என்ற உள் கம்பி இணைப்பில், செய்தியை அனுப்பியது யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதுக் கார்களுக்கு வாகன சைபர் பாதுகாப்புக்கான ஐ.நா. விதி 155 கட்டாயம். அங்கே விற்க நினைக்கும் எந்த நிறுவனத்துக்கும் இதற்கு ஆள் வேண்டும். செங்கல்பட்டு மஹிந்திரா சிட்டியிலேயே ரெனோ-நிசான், மஹிந்திரா இரண்டின் தொழில்நுட்ப மையங்களும் இருக்கின்றன.

தானாகவே பிரேக் பிடிக்கும் வண்டிகளில் ஓட்டுநரின் நம்பிக்கையும் பாதுகாப்பில் அடக்கம். வண்டி காரணமே இல்லாமல் இரண்டு முறை பிரேக் பிடித்தால், அவர் அந்த வசதியை அணைத்துவிடுவார். அளவுக்கு மீறி நம்பினாலோ கண் போனுக்குப் போய்விடும். ஸ்டீயரிங்கிலும் வேகத்திலும் உதவி மட்டும் செய்யும் லெவல் 2 வண்டியில் பொறுப்பு முழுக்க அவருடையதுதான். எப்போது, எப்படி எச்சரிப்பது என்று சோதிப்பதும் ஒரு வேலை. மனத்தத்துவம் படித்தவர்களுக்கும் அதில் இடம் உண்டு.

முதலாண்டிலேயே ஆரம்பிக்கலாம். லினக்ஸ் இயங்குதளத்தில் ஐசிசிம் (ICSim) என்ற, கார் மீட்டரைத் திரையில் காட்டும் இலவச மென்பொருள் ஓடும். கேன்டம்ப் (candump) கட்டளையில் கேன் செய்திகளைப் பார்த்து, கேன்சென்ட் (cansend) கட்டளையில் பொய் வேகம் அனுப்பிப் பழகட்டும். பிறகு ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை இரண்டும், அவற்றை கேன் பஸ்ஸில் இணைக்கும் எம்சிபி2515 பலகை இரண்டும் வாங்கலாம். இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். எம்சிபி2515 பலகையில் வேகத்தைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் பெரும்பாலும் 8 மெகாஹெர்ட்ஸாக இருக்கும். நிரலில் 16 என்று விட்டால் இரண்டும் பேசாது. பலர் சலித்துப்போய் நிறுத்துவது இங்கேதான். கரன்டை அணைத்து, கேன் பஸ்ஸின் இரு கம்பிகளுக்கிடையே மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால், இரு முனையிலும் இருக்க வேண்டிய ரெசிஸ்டர் (மின்தடை) ஒரு முனையில் விட்டுப்போயிருக்கிறது. சாலையில் ஓடும் வண்டியில் மட்டும் கை வைக்கவே கூடாது.

இதை இரண்டு மாதம் செய்து பார்த்து அவளுக்கே பிடிக்கவில்லை என்றால், வற்புறுத்தாதீர்கள். ஈசிஇ-யில் வேறு வழிகள் இருக்கின்றன, நிலமும் உங்களிடமே இருக்கும்.