கூட யாரைக் கூட்டிப் போவது?

கேள்வி: மனச்சோர்வைக் குணப்படுத்த முடியும் என்கிறார்கள். ஆனாலும் நம் தேயிலைத் தோட்டத்து மக்கள் மனநல வைத்தியரிடம் போவதில்லை. அறியாமைதானே காரணம்?
(வாசகி, தலவாக்கலை)

பதில்: அறியாமையா? நம் சனத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் இந்தப் பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாலும் அறியாமை, பிரசவத்தில் தாய் செத்தாலும் அறியாமை. இந்தப் பக்கத்தில் இதோடு பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். இன்னும் போடுவேன்.

கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணுக்கு இரவில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உடம்பெல்லாம் நோவு. தோட்டத்து டிஸ்பென்சரியில் நோவைச் சொல்கிறாள், பனடோல் கிடைக்கிறது. டவுன் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போச்சு. ஒரு நாளோடு முடிகிற காரியமும் இல்லை. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் பிடிக்கும். சுகமான பிறகும் மாதக்கணக்கில் நிறுத்தாமல் போட வேண்டும்.

சரி, பேர் போனாலும் பரவாயில்லை என்று போகிறாள். வைத்தியருக்குத் தமிழ் வராது, இவளுக்குச் சிங்களம் வராது. கூட யாரைக் கூட்டிப் போவது? மகனையா, கொழுந்தனையா, பக்கத்துக் காம்பராக்காரியையா? காய்ச்சல் என்றால் யார் வாயாலும் சொல்லிவிடலாம். “செத்துப் போயிரலாம் போல இருக்கு” என்பதைப் பெற்ற மகனைக் கொண்டா வைத்தியருக்குச் சொல்ல வைப்பாள்? புருஷன் குடித்துவிட்டு அடிப்பதை அவன் தம்பியா எடுத்துச் சொல்வான்? அதனால் அங்கேயும் “தலையிடி” என்று மட்டும் சொல்கிறாள். மருந்துத் துண்டிலும் அதுவே எழுதப்படுகிறது. தன் நிலைமையை அவள் நன்றாக அறிந்தவள். அதைச் சொல்லத்தான் அங்கே இடமில்லை.

1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. பஸ் பலகைக்காகவும் தபாற்கந்தோர் படிவத்துக்காகவும் அதை நினைவூட்டி எழுதியிருக்கிறேன். கிளினிக் அறையில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

வெட்கமும் உண்டு, மறுக்கவில்லை. லயம் என்ற வரிசை வீட்டில் ஒரு காம்பராவில் அழுதால் அடுத்த காம்பராவில் கேட்கும். மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ‘அங்கொடை’ என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். ஆனால் தனியாகப் போய், தன் வாயால் பேசி, சம்பளமும் குறையாமல் திரும்ப முடிந்தால் அந்த வெட்கத்தைத் தாண்டிவிடுவார்கள் என்றே நம்புகிறேன்.

கிளினிக் நாளில் தமிழ் பேசும் ஒரு தாதி, போனவருக்கு முழுப் பேர். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் இந்த இரண்டையும் கேட்கட்டும். அதுவரை, தாங்க முடியாமல் தவிப்பவர்கள் 1926 என்ற எண்ணை அழைக்கலாம். அந்த அங்கொடையில் இருக்கும் தேசிய மனநல நிறுவகத்தின் எண்தான் அது. நடுராத்திரியிலும் அழைக்கலாம்.